ஜன்னல், குழாய், கடிகாரம்

பத்துப் பக்கத்தில் ஆறு கொலை. ஏழாவது ஆள் தப்பித்தது அவன் அதிர்ஷ்டம், பக்கம் முடிந்துபோயிற்று. எழுத்தாளரின் தொடர்கதையில் ரத்தம் ஓடாத வாரமே கிடையாது. நாய் ஊளையிடும், ஆந்தை அலறும், நிலா மேகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும், கதவு கிறீச்சென்று திறக்கும், உள்ளே ஒரு பிணம் கிடக்கும். இத்தனையும் இருந்தும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்து, படிக்கிறவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

எழுத்தாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு, ஆசிரியர் சொன்னதை அப்படியே மனைவியிடம் கொட்டினார். ரத்தத்தைக் குறைக்க வேண்டுமாம். கொலை நடக்கப்போகிற அறையை எழுத வேண்டுமாம். ஒன்றுமே நடக்காதபோதே படிக்கிறவனுக்கு வயிற்றைக் கலக்க வேண்டுமாம்.

"ரூம்ல என்னடி இருக்கு எழுத? நாலு சுவர் இருக்கு. மேல ஒரு ஃபேன் இருக்கு," என்றார்.

அவள் டைப்ரைட்டரில் புதுக் காகிதத்தைச் செருகினாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். தான் சொல்கிற வேகத்துக்கு அடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் கட்டிக்கொண்டேன் என்று எழுத்தாளர் நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள். விளையாட்டெல்லாம் இல்லை, உண்மையைத்தான் சொன்னார் மனிதர்.

அவர்களுடைய வேலை நடக்கும் விதம் இதுதான். அவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொல்வார், அவள் அடிப்பாள். அடித்து முடித்ததும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட வேண்டியதுதான். எழுத்தாளர் திரும்பிப் படிக்க மாட்டார். அச்சில் வந்த பிறகும் படிக்க மாட்டார். சமைத்ததைத் தானே ருசி பார்த்துக்கொண்டிருப்பவன் நல்ல சமையல்காரன் இல்லை என்பது அவருடைய கொள்கை. அப்படி ஒரு திமிர். அன்றைக்கும் பாதியில் அலுத்துப்போய், அறை வருகிற இடத்தில் நீயே ரெண்டு வரி போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிட்டார்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள். பிறகு ரெண்டு வரி அடித்தாள். ரெண்டு வரி ரெண்டு பக்கமாயிற்று.

ஆந்தையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வீடு எப்போது பயங்கரமாக ஆகும் என்பது தெரியும், அதிலே அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கோபத்தில் கத்துகிற ஆம்பிளையோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம். எழுத்தாளர் கத்த மாட்டார். வெளியே அவரைப் பார்க்கிறவர்கள் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர் என்பார்கள். வீட்டுக்குள் வந்ததும் சாவியைச் சத்தமில்லாமல் மேசையில் வைப்பார். அந்தச் சத்தமின்மைதான் முதல் அடையாளம். பிறகு கூடத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார், குளிர்காற்று அடிக்கிறதே என்று அக்கறையாகச் சாத்துகிற மாதிரி. பிறகு கூடத்தை ஒட்டியிருக்கும் குளியலறைக்குள் போய், வாளியை நகர்த்தி வைத்து, குழாயை முழுக்கத் திறந்துவிடுவார். தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் மேளம் கொட்டும். வெளியே போகிற குரலை அது அமுக்கிவிடும். கடைசியாக, இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜின் மேல் வைப்பார். ஒரு தடவை அவள் கன்னத்து எலும்பில் பட்டு வார் அறுந்துவிட்டது. நல்ல கடிகாரம், மறுபடி கெட்டுவிடக் கூடாதல்லவா?

ஜன்னல், குழாய், கடிகாரம். இந்த வரிசை மாறியதே இல்லை. கடிகாரம் ஃபிரிட்ஜின் மேல் போய் உட்கார்ந்த பிறகு நடந்ததன் மிச்சம் அவள் உடம்பில் இருந்தது. இடது காது கேட்காது. இடது கைச் சுண்டுவிரல் வளைந்தபடியே கூடிவிட்டது, 'ய' அடிக்கும்போதெல்லாம் வலிக்கும். படுத்தால் விலாவில் ஒரு இடத்தில் குத்தும். அண்ணனிடம் ஒரு முறை போனில் அழுதாள். அனுசரித்துப் போம்மா, பெரிய எழுத்தாளர், மூளை வேலை செய்கிறவங்களுக்குக் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும் என்றான் அண்ணன். நல்ல அண்ணன். அதன் பிறகு அவனுக்கு அவள் போன் செய்யவில்லை.

அந்த அத்தியாயத்தில் அவள் அடியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜன்னல்கள் சாத்தப்படுவதை எழுதினாள். வாளி நிரம்புகிற சத்தம் மாறுவதை எழுதினாள், முதலில் கொட்டு மாதிரி, பிறகு கனத்து, பிறகு மெத்தென்று. கழற்றிய கடிகாரத்தின் வார் இன்னும் மணிக்கட்டின் வளைவோடு நிற்பதை எழுதினாள். அதோடு நிறுத்தி, எழுத்தாளர் சொல்லியிருந்த பிணத்தை அடுத்த பக்கத்தில் போட்டு அனுப்பிவிட்டாள்.

கடிதங்கள் மூட்டையாக வந்தன. ஆசிரியர் போனிலேயே கையெடுத்துக் கும்பிடாத குறை. குழாயைத் திறக்கவே பயமாயிருக்கிறது என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் எழுதியிருந்தார். எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறையைப் பிடிச்சிட்டேன் பார்த்தியா என்றார், எந்த அறையை என்று தெரியாமலே. ஒரு மாதம் வீட்டில் அடி இல்லை. பிறகு ஒரு நாள் ஒட்டுகிற பசை காய்ந்துபோயிருந்தது, அதற்காக ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

தரைத்தளத்தில் ஒரு சலவைக்கடை. அதற்கு மேல்மாடியில், அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே, ஒரு தையல்காரி இருந்தாள். புருஷன் இல்லாதவள், ஐம்பதை நெருங்குகிறவள். பெரிய கத்தரிக்கோலோடு பிறந்தவள் மாதிரி எந்நேரமும் அதைக் கையில் வைத்திருப்பாள். காலையிலிருந்து இருட்டும்வரை அவளுடைய மெஷின் ஓடும். அந்தச் சத்தம் தரை வழியாக மேலே ஏறும். எதிர்வீடு பூட்டிக் கிடந்ததால் மேலே நடப்பதைக் கேட்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். கேட்கவும் செய்தாள். மேலே குழாய் திறந்து முதல் அடி விழுந்ததும் கீழே மெஷின் நின்றுவிடும். தரையில் கிடப்பவளுக்கு அது தெரியும். வலது காதைத் தரையோடு வைத்துக்கொண்டு, அக்கா கேட்கிறாள், இதோ வருவாள் என்று நினைப்பாள். வாளி பாதி நிரம்புவதற்குள் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். உதை வயிற்றில் விழும்போதுகூட அவள் இவ்வளவு உடைந்துபோனதில்லை.

தையல்காரி கெட்டவள் இல்லை. ஒரே ஒரு தடவை மாடியேறி வந்து தட்டினாள். எழுத்தாளர் தேனொழுகச் சிரித்தபடி கதவைத் திறந்து, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாம்மா, எத்தனை தடவை சொன்னாலும் செருப்புப் போட மாட்டேங்கறா என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டாள். ஊர் வாயில் விழுந்து எழுந்த ஒற்றை மனுஷி, அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிட்டு எதற்கு வம்பு? அதன் பிறகு படிக்கட்டில் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், தரையைப் பார்த்தே பேசுவாள்.

அப்படி ஒரு நாள் படிக்கட்டில் நின்று, அவளே சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் கதைய வாரம் தவறாம படிக்கிறேன்மா. அந்தத் தண்ணி சத்தம் இருக்கே, ராத்திரி கண்ண மூட முடியல. எப்படித்தான் இப்படியெல்லாம் தோணுதோ."

மாடியில் கேட்கிற தண்ணீர்தான் கதையில் ஓடுகிறது என்பது தையல்காரிக்கு உறைக்கவில்லை. கதையில் வந்தால் நடுங்குகிறாள், தலைக்கு மேல் நடந்தால் மெஷினை மிதிக்கிறாள். கேட்டுக்கொண்டு நின்றவளுக்கு மனசுக்குள் எரிந்தது. அன்று மத்தியானம் எழுத்தாளர் புதிய அத்தியாயத்தைச் சொல்லிவிட்டுப் போனதும், அறை வருகிற இடத்தில் அவள் வேறு ஒரு அறையை அடித்தாள்.

கீழ்வீட்டு அறை. தையல் மெஷின். அதை மிதிக்கிற ஒரு பெண். மேலே ஜன்னல் சாத்தப்படுகிறது, குழாய் திறக்கிறது, கடிகாரம் ஃபிரிட்ஜின் மேல் ஏறுகிறது. கீழே மெஷின் நிற்கிறது. வாளி பாதி நிரம்புவதற்குள் மெஷின் ஓடத் தொடங்குகிறது. இது ஒன்பதாவது தடவை என்று அடித்தாள். அவள் எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். 'பத்தாவது தடவை மெஷின் மறுபடி ஓடியபோது, மேலே இருந்தவள் அதைக் கேட்கவில்லை' என்று முடித்தாள். உறையை ஒட்டினாள். அதைத் தபாலில் போட்டுத் திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. யார் முதலில் படிப்பார்கள்? கீழே இருப்பவள் படித்தால் இவள் பிழைத்தாள். வேறு யாராவது படித்துவிட்டு எழுத்தாளரிடம் வாயைத் திறந்தால் செத்தாள்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குக் குப்பையைக் கொட்டப் போனபோது பார்த்தாள், தையல்காரி வீட்டுக் கதவின் கைப்பிடியில் பேப்பர்காரன் செருகிய பத்திரிகை செருகியபடியே இருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வேலை அதிகம். கதவைத் தட்டிக் கையில் கொடுத்துவிடலாமா என்று நின்றாள். மேலேயிருந்து எழுத்தாளர் கூப்பிட்டார். போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு மெஷின் நின்றது. சாப்பிடுகிறாளா, படிக்கிறாளா? ஒரு மணிக்கு மறுபடி ஓடியது. சாப்பிட்டிருப்பாள்.

ஒன்றேகாலுக்குப் போன் அடித்தது. யாரோ வாசகர். எழுத்தாளர் சிரித்துச் சிரித்துப் பேசினார். அப்புறம் சிரிப்பு குறைந்தது. வாட்சா, எந்த வாட்ச் என்று கேட்டார். ஃபிரிட்ஜ் மேலயா என்று கேட்டார். ரொம்ப நன்றிங்க என்று சொல்லிப் போனை மெதுவாக வைத்தார். சத்தமே வரவில்லை.

"இந்த வாரப் புஸ்தகத்த எடுத்துட்டு வா."

கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுத்தாளர் தன் கதையைப் படித்தார். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். பத்திரிகைக் கட்டிலிருந்து பழைய இதழ்களையும் இழுத்துப் படித்தார். அவள் டைப்ரைட்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசல் கதவு அவருக்குப் பின்னால் இருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. தன்னை ஒருவன் கண்ணாடியில் முதல் தடவை பார்க்கிறபோது முகம் எப்படி இருக்கும்? அவர் முகத்தில் வெட்கம் வந்ததைக் கண்டாள். கோபத்தைவிட அது மோசம்.

அவர் எழுந்து முதல் ஜன்னலைச் சாத்தினார். இரண்டாவதைச் சாத்தினார். குளியலறைக்குள் போனார். வாளி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இதத்தானே எழுதியிருக்க? தண்ணி சத்தம் கேட்டா அவ மெஷின நிறுத்துவா," என்றார். கை கடிகார வாருக்குப் போய், அங்கேயே நின்றது. "இன்னிக்கு ஒண்ணும் தெறக்க மாட்டேன், ஒண்ணும் கழட்ட மாட்டேன்."

இனிமேல் இவனுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது. அவள் கத்த வாயைத் திறந்தபோது அவன் தோளில் கிடந்த துண்டை அதற்குள் திணித்தான், தொண்டைவரை. முடியைப் பிடித்து இழுத்தபோதும் தரையில் தள்ளவில்லை. தள்ளினால் கீழே கேட்கும். படுக்கையறைக்கு இழுத்துப்போய் மெத்தை மேல் போட்டு, முழங்காலை விலாவில் ஊன்றிக் குத்தினான். மெத்தை எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டது. முகத்தில் மூன்றாவது குத்து விழுந்தபோது கடிகாரக் கண்ணாடி உடைந்து கன்னத்தைக் கிழித்தது. உப்பும் இரும்புமாகத் துண்டு நனைந்தது. கீழே மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அவளைத் தூக்கி நிறுத்தி டைப்ரைட்டர் மேசைக்குக் கொண்டுவந்தான். மேசையின் இழுப்பறையைத் திறந்து, அவளுடைய வலது கையை அதன் விளிம்பில் வைத்தான். வேகமாக மூடினால் சத்தம் வரும் என்று மெதுவாக, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து மூடினான். இரண்டு விரல்கள் முறிந்தன. மிளகாய் வற்றலைக் கிள்ளுகிற அளவுக்குத்தான் சத்தம். அவள் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் என்னென்ன எழுதியிருக்க? நகல் எங்க?" என்று காதுக்குள் கேட்டான். கேட்காத காது அது. என்ன கேட்டிருப்பான் என்று தெரிந்து அவள் அலமாரியைப் பார்த்தாள். அவன் போய் அலமாரியைத் திறந்து, அவள் அடுக்கி வைத்திருந்த கார்பன் நகல்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்து படிக்கத் தொடங்கினான். படிக்கப் படிக்கக் கிழித்தான். அடப்பாவி, இத்தனை வருஷம் படிக்காதவன் அன்றைக்குப் பார்த்துப் படிப்பாளியாகிவிட்டான். அதுதான் அவளுக்குக் கிடைத்த நேரம்.

வாசல் கதவுக்கு அவனைத் தாண்டிப் போக வேண்டும். குளியலறை பக்கத்தில் இருந்தது. உடைந்த கையை மார்போடு அணைத்து, முழங்காலாலும் ஒற்றைக் கையாலும் தவழ்ந்தாள். உள்ளே போய் முதுகால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். அதன் தாழ்ப்பாளை அவன் எப்போதோ பிடுங்கிவிட்டிருந்தான். ரொம்பக் குறுகலான குளியலறை. முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தால் பாதங்கள் எதிர்ச்சுவரில் முட்டும். முட்டினாள். எந்தக் குழாயின் சத்தம் கேட்டால் அவளுக்கு இத்தனை வருஷம் உயிர் போய் உயிர் வந்ததோ, அந்தக் குழாயை இடது கையால் எட்டிப் பிடித்து, முழுக்கத் திறந்தாள்.

காலி வாளியில் தண்ணீர் மேளம் கொட்டியது.

வெளியே காகிதம் கிழிகிற சத்தம் நின்றது. கதவு இடிந்தது. பாதங்கள் சுவரில் வழுக்கின, மறுபடி ஊன்றினாள். அவன் தோளால் மோதினான். ஒவ்வொரு மோதலும் முதுகெலும்பு வழியாக மண்டைக்குள் போனது. குழாயை மூடு, மூடுடி என்றான், அப்போதும் கத்தாமல். வாயிலிருந்த துண்டை உருவி எறிந்தாள். கத்துவதற்குக் குரல் வரவில்லை. தண்ணீர்தான் கத்தியது.

கீழே மெஷின் நின்றது.

அவள் வாளியைப் பார்த்தாள். கால் வாளி. இதுவரை ஒன்பது தடவை நின்று ஒன்பது தடவையும் ஓடிய மெஷின். கதவு இரண்டு விரல் திறந்து, அவன் விரல்கள் உள்ளே வந்தன. தலையைப் பின்னால் இடித்து நசுக்கினாள், விரல்கள் போயின. பாதி வாளி. வழக்கமாக இதற்குள் ஓடிவிடும். சத்தம் கனத்தது. முக்கால் வாளி. மெத்தென்று ஆயிற்று. வாளி நிரம்பி வழிந்து அவள் தொடையை நனைத்தது. மெஷின் ஓடவில்லை.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

அவன் மோதுவதை நிறுத்தினான். மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வது கேட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி தாழ்ப்பாளைத் திறந்தான். அவள் வலது காதைக் கதவோடு ஒட்டினாள்.

"ஒண்ணுமில்லம்மா. மறுபடியும் பாத்ரூம்ல வழுக்கிட்டா."

"கையக் காட்டுங்க," என்றாள் தையல்காரி.

"என்னது?"

"வாட்ச் கட்டுற கைய. முதுகுக்குப் பின்னால வச்சிருக்கீங்களே, அதக் காட்டுங்க."

கதவு அறைந்து சாத்தப்படுகிற சத்தம் கேட்டது, ஆனால் சாத்திக்கொள்ளவில்லை. நடுவில் ஏதோ இரும்பு மாட்டிக்கொண்டது. தையல்காரியின் பெரிய கத்தரி. அடுத்து அவன் கத்தினான். அவ்வளவு வருஷத்தில் அவன் கத்தி அவள் கேட்டது அன்றைக்குத்தான். தையல்காரி தனியாக வரவில்லை. தரைத்தளத்துச் சலவைக்கடைக்காரரையும் அவருடைய தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பேரும் உள்ளே பாய்ந்தார்கள். நாற்காலி உருண்டது, ஃபிரிட்ஜ் குலுங்கியது, ஒருவன் தரையில் விழுந்தான், இந்தத் தடவை பலமாக, கீழே நன்றாகக் கேட்கும்படி. அவன் மேல் ஆள் ஏறி உட்கார்ந்ததும் சலவைக்கடைக்காரர் போலீசுக்குப் போன் செய்வது கேட்டது.

குளியலறைக் கதவை யாரோ மெதுவாகத் தள்ளினார்கள். அவள் காலை எடுக்கவில்லை.

"நான்தாம்மா. கீழ்வீட்டு அக்கா."

காலை எடுக்க நினைத்தும் எடுக்க முடியவில்லை, மரத்துப்போயிருந்தது. தையல்காரி இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் நுழைந்தாள். கத்தரியின் நுனியில் ரத்தம் இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். தையல்காரிக்கு அழுகையில் வாய் கோணிக்கொண்டு போயிற்று. யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த சட்டையின் ஒற்றைக் கை அவள் தோளிலேயே கிடந்தது. அதை எடுத்து முறிந்த விரல்களைச் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். பிறகு குழாயை மூடக் கையை நீட்டினாள்.

"வேணாம்க்கா. போலீஸ் வர்ற வரைக்கும் ஓடட்டும்."

தையல்காரி கையை எடுத்துக்கொண்டாள். வழிந்த தண்ணீர் வாசற்படி தாண்டிக் கூடத்துக்குப் போய், கிழித்துப்போட்ட காகிதங்களை நனைத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோத்துத் தட்ட வச்சுக்கிட்டு இன்னிக்கு மத்தியானம்தான் படிச்சேன்," என்றாள் தையல்காரி. "ஒன்பது தடவன்னு எழுதியிருந்தியே. மெஷின் நின்னு நின்னு ஓடுனது ஒன்பது தடவன்னு."

அவள் தலையை அசைத்தாள்.

"எனக்கு மூணோ நாலோன்னுதான் நெனப்பு," என்றாள் தையல்காரி.